ஒருநாள் நடனப் பயிலரங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளியிலேயே ஒருநாள் நடனப் பயிலரங்கு நடத்துவது பற்றிச் சென்னை வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றிய கேள்விகள் என்பதால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்கள் 120 பேருக்குக் காலை 9.30 மணி முதல் மாலை 3.30 மணி வரை நடனப் பயிலரங்கு நடத்தத் தலைமையாசிரியர் அனுமதி தந்திருக்கிறார். பெரும்பாலோர் நடனமே கற்காதவர்கள். ஆண்டு விழாவுக்குப் பயன்படும்படி ஒரு நடனத்தையும் அன்றே தயாரித்துவிட வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. இந்த நாளை எப்படி அமைப்பது?
(ஓர் ஆசிரியை, பெரம்பூர்)

பதில்: ஒரு முழு நாளை ஒதுக்கிக் கொடுத்திருப்பதே பெரிய காரியம். அந்த நாளைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், ஆண்டு விழா நடனத்தை முதலில் அதிலிருந்து பிரித்துவிடுங்கள். நிர்வாகத்திடம் இதைப் பணிவாகவும் உறுதியாகவும் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மாலைக்குள் மேடைக்கு ஒரு நடனம் தயாராக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிட்டால், சொல்லிக்கொடுக்க வந்தவர் பதினொரு மணிக்குள் நன்றாக ஆடக்கூடிய எட்டுப் பேரைக் கண்டுபிடித்து முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர்களுக்குப் பின்னால் இருபது பேர் கையை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள். மீதிப் பேர் சுவரோரம் உட்கார்ந்து கைதட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த எட்டுப் பேரும் அநேகமாக ஏற்கெனவே எங்காவது நடனம் கற்றவர்களாக இருப்பார்கள். யாருக்காக இந்த நாள் ஏற்பாடு செய்யப்பட்டதோ அவர்கள், தமக்கு ஆட வராது என்ற எண்ணத்தை உறுதிப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இளம் ஆசிரியையாக இருந்தபோது நானும் இப்படி நடத்தியிருக்கிறேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த முகங்களை மறக்க முடியாததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஏழாண்டில் வருவதை ஆறு மணி நேரத்தில் யாராலும் கொடுக்க முடியாது. இதுவரை காதால் மட்டுமே கேட்டுவந்த தாளத்தை 120 பேரும் தங்கள் காலால் ஒருமுறை மிதித்து உணர்ந்துவிட வேண்டும் என்பதை அன்றைய நோக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அது நிச்சயம் கைகூடும்.

இடக்கணக்கில் தொடங்குவோம். இரு கைகளையும் விரித்துச் சுழன்றாலும் அடுத்தவர் மீது படாமலிருக்க ஒருவருக்கு ஆறடிக்கு ஆறடி, அதாவது 36 சதுர அடி வேண்டும். 60 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள கூடத்தில், சொல்லிக்கொடுப்பவருக்காக முன்பக்கம் பத்தடியை விட்டுவிட்டால், 55 பேருக்கு மேல் ஆட இயலாது. ஆகவே மாணவர்களை 40 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு கூடத்தில் அடவுகள் எனும் அடிப்படை ஆட்ட அசைவுகளையும், ஒரு குழு வகுப்பறையில் முகத்தாலும் கையாலும் பொருள் உணர்த்தும் அபிநயத்தையும், ஒரு குழு மரநிழலில் ஒயிலாட்டம் போன்ற ஒரு கிராமியக் கலையையும் கற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு சுற்று, மதியம் ஒரு சுற்று, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம் என்றால் எல்லோரும் மூன்றிலும் பங்கேற்றுவிடலாம். மதியச் சுற்றில் கூடத்துக்கு வரும் குழு சாப்பிட்டு வந்திருக்கும். அவர்களுக்குக் குதிக்கும் அடவுகள் வேண்டாம்.

கூடத்தில் பாட்டுப்பெட்டியைத் தொடவே வேண்டாம். தாளம் போடும் தட்டுக்கழியும், அது தட்டும் மரக்கட்டையான மனையும் போதும். முதலில் வெறும் நடை: தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டே ஓர் எழுத்துக்கு ஓர் அடியாக நடக்கச் சொல்லுங்கள். பிறகு அதே வேகத்தில் கழி தட்டிக்கொண்டிருக்க, நடையை மட்டும் இரட்டிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் காலம் என்றால் என்னவென்று விளக்கவே வேண்டியிருக்காது. பிறகு பாதிப் பேர் தகிட என்று மூன்றாகவும் மறுபாதியினர் தகதிமி என்று நான்காகவும், ஒவ்வொரு சுற்றின் முதல் எழுத்தை மட்டும் ஓங்கி மிதித்துக்கொண்டு நடக்கட்டும். இரண்டு அணிகளின் ஓங்கிய மிதியும் பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒன்றாகக் கேட்கும். அந்த இடம் வரும்போது மாணவர்கள் தாமாகவே சிரித்துவிடுவார்கள். கணக்கு வகுப்பில் படித்த மீச்சிறு பொது மடங்கு காலுக்கடியில் வந்து நிற்கிறது அல்லவா! தகதிமியையும் ஐந்தெழுத்துள்ள தகதகிடவையும் சேர்த்து நடந்தால் சந்திப்பு இருபதில் வரும். இதற்குப் பிறகு தட்டடவில் முதல் இரண்டை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

கடைசி முக்கால் மணி நேரத்தை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். ஆறாறு பேராகப் பிரிந்து, அன்று கற்றவற்றைக் கொண்டு 32 எண்ணிக்கைக்குள் அடங்கும் ஓர் ஆட்டத்தை அவர்களே அமைத்துத் தங்கள் வகுப்புத் தோழர்களுக்கு மட்டும் ஆடிக் காட்டட்டும். சிறப்பு விருந்தினர், பரிசு, கைபேசிப் படப்பிடிப்பு எதுவும் அங்கே வேண்டாம்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பொதுத்தேர்வு ஆண்டில் ஒரு முழு நாளை நடனத்துக்குச் செலவிடத்தான் வேண்டுமா?
(ஒரு தாய், நங்கநல்லூர்)

பதில்: நடனம் ஆடினால் மதிப்பெண் கூடும் என்று சொல்லி உங்களைச் சம்மதிக்கவைக்க எனக்கு விருப்பமில்லை. விடியற்காலைத் தனி வகுப்பு முதல் இரவுப் படிப்பு வரை நாள் முழுவதும் நாற்காலியிலேயே கழிக்கும் ஒரு பெண், ஆண்டில் ஒரு நாள் தன் உடம்பைத் தன் விருப்பப்படி அசைத்துப் பார்ப்பது அதனளவிலேயே நல்லது என்பதே என் எண்ணம். திருப்புதல் தேர்வு வாரத்தில் வைத்திருந்தால் மட்டும் தேதியை மாற்றச் சொல்லுங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய ஜூலைக் கடைசியோ ஆகஸ்ட் தொடக்கமோ இதற்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மார்கழியிலோ நல்ல நடன ஆசிரியர்கள் எல்லோரும் சபாக்களில் இருப்பார்கள்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் மாணவன். கானா பாட்டுக்கு நன்றாக ஆடுவேன். பயிலரங்கில் பரதநாட்டியம் சொல்லித்தருவார்கள் என்றதும் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பெயர் கொடுக்கலாமா?
(ஒரு மாணவர், வியாசர்பாடி)

பதில்: தம்பி, உடனே பெயர் கொடுங்கள். இன்று மேடைகளில் ஆடப்படும் பரதநாட்டியத்தை வழிவழியாகக் கற்பித்துவந்த நட்டுவனார்களில் பெரும்பாலோர் ஆண்கள்தாம். கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவிக்குக் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், வழுவூர் இராமையா பிள்ளையும் அந்த மரபில் வந்தவர்கள். கலாக்ஷேத்திராவில் பயின்ற வி.பி. தனஞ்செயன் அவர்கள் தம் மனைவி சாந்தாவுடன் சேர்ந்து 1968இல் இதே சென்னையில் பரதகலாஞ்சலி என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். தெருக்கூத்திலும் தேவராட்டத்திலும் ஆண்கள்தாம் காலம் காலமாக ஆடிவந்திருக்கிறார்கள்.

உங்களிடம் வேறொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆடும் குத்தாட்டத்தைத் தாழ்வாக எண்ணிக்கொண்டு பயிலரங்குக்குப் போகாதீர்கள். டப்பாங்குத்தில் கால் துள்ளுவது திஸ்ர நடையில், அதாவது தகிட தகிட என்ற மூன்றெழுத்துக் கணக்கில். அடவு வகுப்பில் அந்த நடை வரும்போது, வருடக்கணக்கில் பரதம் கற்றவர்களுக்கு முன்பாகவே உங்கள் கால் அதைப் பிடித்துக்கொண்டுவிடலாம். கேலி செய்யும் நண்பர்களையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிப் பயிலரங்கில் பறையாட்டமும் உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். சாவு வீட்டில் அடிப்பதைப் பிள்ளைகளுக்கு ஏன் கற்பிக்க வேண்டும்? எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் விருப்பமில்லை.
(ஒரு பெற்றோர், வில்லிவாக்கம்)

பதில்: இந்தத் தயக்கம் உங்கள் வீட்டில் மட்டும் இருப்பதன்று, ஆனால் அதற்கு என்னால் இணங்க முடியாது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. உழவிலும் போரிலும் விழாவிலும் ஒலித்த கருவி அது. இழவு வீட்டில் அதை வாசிக்கும் வேலையைச் சில சாதியினர் மீது சுமத்திவிட்டு, பிறகு கருவியையும் வாசித்தவரையும் சேர்த்து இழிவுபடுத்தியது நம் சமூகம் செய்த குற்றமே தவிர, அந்தத் தோலிலும் மரத்திலும் எந்தக் குற்றமும் இல்லை. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

நடனம் கற்பவருக்குப் பறை தரும் பாடம் தனியானது. இடத்தோளில் கருவியை மாட்டி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சியும் பிடித்து வாசிப்பவரே அடவு போட்டு ஆடவும் வேண்டும். தாளம் கொடுப்பவரும் ஆடுபவரும் ஒரே ஆள் என்பதால், கால் பிந்தினால் கையும் பிந்திவிடும், ஏமாற்ற இடமில்லை. பள்ளிக்கு ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் உண்டு. தோற்பறையைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுவார்கள். அதற்குக் கட்டடத்திலிருந்து தள்ளி, மண்தரையில், ஒரு வாளித் தண்ணீருடன் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். மாணவர்கள் அதை அருகிலிருந்து பார்க்கட்டும். தீயை மூட்டுவதைக் கலைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக் கூடத்தின் தரை மொசைக். பழக்கமில்லாத மாணவர்கள் ஆறு மணி நேரம் ஆடினால் கால் வலி, சுளுக்கு வருமே என்று அஞ்சுகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
(உடற்கல்வி ஆசிரியர், கோடம்பாக்கம்)

பதில்: நீங்கள் அஞ்சுவது சரியே. கல்லும் சிமென்ட்டும் மொசைக்கும் மிதியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளாமல் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் முதுகுக்குமே திருப்பி அனுப்பிவிடும். பழகாத கால்கள் ஒரே நாளில் மணிக்கணக்கில் ஓங்கித் தட்டினால் மறுநாள் கீழ்க்காலின் முன்னெலும்பு நெடுக வலிக்கும். அதற்காக ஜமுக்காளம் விரித்துவிடாதீர்கள், அது வழுக்கும். காலுறையுடன் ஆடுவதும் வழுக்கும். வெறுங்காலுடன், ஈரமில்லாத தரையில், மெதுவாகத் தட்டி ஆடுவதே பாதுகாப்பானது. ஓங்கி மிதிப்பதை ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்களோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரத்தை நடை, கை, கண், தகதிமி போன்ற சொல்லுக்கட்டு ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம்.

முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டிதான் அதிகம் தவறாகச் செய்யப்படுவது. பாதங்கள் எவ்வளவு விரிகின்றன என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள். விரிவு இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்காதபோது பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மடங்கிய முழங்கால் காலின் விரல்கள் நோக்கும் திசையிலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாதங்கள் நேர்க்கோட்டில் விரியாவிட்டாலும் குறையில்லை. முழுவதும் தாழ்ந்து அமரும் முழுமண்டி முதல்நாள் மாணவர்களுக்கு வேண்டவே வேண்டாம். முடிந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு வாருங்கள். முயலகன் மீது ஊன்றிய கால் விறைத்து நிற்காமல் மடங்கித் தாங்குவதைக் கண்டவர்களுக்கு, ஆடும்போது முழங்காலைப் பூட்டிக்கொள்ளக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

உடம்பைச் சூடேற்றும் பயிற்சியை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்குப் பேருந்து தாமதமாகி நாற்பது நிமிடம் பிந்திச் சேர்ந்தேன். இழந்த நேரத்தை ஈடுகட்டுவதாக எண்ணி, நேரே குதித்து ஆடும் அடவைத் தொடங்கிவிட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மாணவியின் கணுக்கால் பிசகியது. மூன்று வாரம் அவள் கட்டுடன் நடந்தாள். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அன்று முதல், நேரம் குறைந்தால் கடைசிப் பகுதியை வெட்டுவேனே தவிர முதல் இருபது நிமிடத்தை வெட்டுவதில்லை.

சுளுக்கினால் ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து, மீள்துணிக் கட்டு (கிரேப் பேண்டேஜ்) போட்டுக் காலை உயர்த்தி வையுங்கள். எண்ணெய் போட்டு நீவிவிட வேண்டாம். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களின் விவரத்தைப் பெற்றோரின் ஒப்புதல் கடிதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் தண்ணீரோ உப்பிட்ட மோரோ கொடுங்கள். மாதவிடாய் நாளில் உள்ள மாணவி ஆடுவதா, அமர்ந்து தாளம் போடுவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும், காரணம் கேட்காதீர்கள்.

கேள்வி: வெளியிலிருந்து வரும் நடன ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தொட்டுத் திருத்துவார்கள் என்கிறார்கள். அது முறையா?
(ஒரு தந்தை, தாம்பரம்)

பதில்: பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோர் 18 வயது நிறையாதவர்கள், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவர்களைக் குழந்தைகள் என்றே கருதுகிறது. நடனத்தில் பெரும்பாலான திருத்தங்களைச் சொல்லாலும், ஆசிரியர் தன் உடம்பிலேயே செய்து காட்டுவதாலும் முடித்துவிடலாம். தொட்டே ஆக வேண்டும் என்றால், எல்லோர் முன்னிலையிலும், எந்த இடத்தை என்று சொல்லி, மாணவரின் சம்மதம் கேட்ட பிறகே தொட வேண்டும். மாணவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் முழு நேரமும் உடனிருக்கிறாரா, படம் எடுப்பதற்குப் பெற்றோரின் அனுமதி பெறப்பட்டதா என்று நீங்கள் கேட்பது உங்கள் உரிமை; எந்தப் பள்ளியும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மாணவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பயிலரங்கின் தொடக்கத்தில் பரதநாட்டிய வரலாறு பற்றிப் பத்து நிமிடம் பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேவதாசிகள் பற்றிய பகுதியைத் தவிர்த்துவிடு என்கிறார் எங்கள் ஆசிரியர். நான் என்ன செய்யட்டும்?
(பிளஸ் டூ மாணவி, மயிலாப்பூர்)

பதில்: அதை விட்டுவிட்டால் உங்கள் பேச்சில் வரலாறே இருக்காது, அம்மா. ஆசிரியருடைய தயக்கம் சொல் பற்றியது. மரியாதையான சொற்களால் பேசுவேன் என்று உறுதியளித்து அவரிடம் மீண்டும் அனுமதி கேளுங்கள். இன்று நாம் பரதநாட்டியம் என்று அழைப்பதைச் சதிர் என்ற பெயரில் கோயில்களிலும் அரசவைகளிலும் காத்துவந்தவர்கள் தேவதாசிப் பெண்களும் அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும்தாம். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி வரிசையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர். பிறகு, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடிய அதே காலத்தில், ஆடற்கலையே அழிந்துவிடக் கூடாது என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் வாதாடினார். 1931இல் மியூசிக் அகாடமி திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை மேடையேற்றியது. 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரா பிறந்தது. பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947இல் வந்தது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கட்டாயம் சொல்லுங்கள். கபாலீசுவரர் கோயிலில் ஆடிவந்தவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். சிருங்காரம் எனும் காதல் சுவையை மேடையில் எப்படிக் காட்டுவது என்பதில் பின்னாளில் எதிரெதிர்க் கருத்துகளைக் கொண்டிருந்த நடனக் கலைஞர்கள் பாலசரஸ்வதி, ருக்மிணி தேவி இருவருமே அபிநயம் கற்றுக்கொண்டது அவரிடம்தான். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடத்தை அவருக்கென்று ஒதுக்கினாலும் தகும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவி இருக்கிறார். அன்று அவருக்கு விடுப்பு கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
(வகுப்பாசிரியை, கொளத்தூர்)

பதில்: விடுப்பு கொடுக்கவே கூடாது. தனியாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் செய்யவும் கூடாது. அபிநய தர்ப்பணம் கூறும் 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் கண், கழுத்து அசைவுகளையும் நாற்காலியில் இருந்தபடியே முழுமையாகக் கற்கலாம். அபிநயச் சுற்றில் அவருக்கும் மற்றவர்களுக்கும் எந்த வேறுபாடும் இருக்காது. அடவுச் சுற்றில் ஆசிரியரின் அருகில் அமர்ந்து தட்டுக்கழியை அவர் பிடிக்கட்டும். நாற்பது பேரின் காலும் ஒருவர் கையைக் கேட்டுத்தான் நகர்கிறது. அந்தப் பொறுப்புக்குக் கூர்மையான காது வேண்டும், பயிற்சியும் வேண்டும். ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே அவரிடம் கேட்டு, விருப்பமிருந்தால் கழியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கடைசி முக்கால் மணி நேரத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளும் குழு, 32 எண்ணிக்கைக்குள் நாற்காலியின் நகர்வையும் ஓர் அடவாக அமைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கூடம் மாடியில் இருந்தால், பெற்றோருக்கான கடிதம் அச்சாவதற்கு முன், நிகழ்ச்சியைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள்.